கூட்டம் கலையக் காத்திருக்கும் அன்பர்களுக்கு

வாலிப, வயோதிக அன்பர்களே,

விளிப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். சிலர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்திருப்பீர்கள். டிவியில் இப்படி அழைத்துப் பேசிய வைத்தியர்கள் ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, இன்ன தேதி இன்ன ஊர் என்று நோட்டீஸ் ஒட்டி, ஒரு தலைமுறையையே பயமுறுத்திச் சம்பாதித்தார்கள். அவர்கள் விற்ற லேகியத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் நம் மனசு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெளியே சொல்ல முடியாத உபாதை வந்துவிட்டால் நாம் எவ்வளவு தூரமும் போவோம், எவ்வளவு பணமும் கொடுப்போம். தெரிந்தவர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

இது கீழ்பென்னாத்தூர் மெடிக்கல் ஷாப்புகளின் வாசலில், கூட்டம் கலையட்டும் என்று நிற்கிறவர்களுக்கு எழுதும் கடிதம். சோமாசிபாடியிலிருந்தும் வேட்டவலத்திலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும், ‘இங்கே என்றால் யாருக்கும் தெரியாது’ என்று பஸ் ஏறி வருகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். (நம் ஊர்க்காரர்கள் இதே காரணத்துக்காக அந்த ஊர்களுக்குப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.) நீங்கள் முதலில் ஒரு காய்ச்சல் மாத்திரை கேட்பீர்கள். அப்புறம் இருமல் மிட்டாய். குழந்தைக்கு மருந்து வாங்க வந்த அம்மா போகும்வரை செல்போனைப் பார்ப்பீர்கள். கடைசியில் கவுண்டர் மேல் சாய்ந்து, “அண்ணா, அரிப்புக்கு எதுனா குடுங்க” என்பீர்கள். “எங்க?” என்று அவர் கேட்பார். நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள், அவருக்குப் புரிந்துவிடும். ஒரு டியூப் கைமாறும். டாக்டர் பார்க்கவில்லை, சீட்டு இல்லை, பில்லும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த டியூப்பைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாக வந்து, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, வேர்க்க வேர்க்க அரிக்கிறதே, அது படர்தாமரை. பூஞ்சைக் கிருமியால் வருவது. அதற்கென்று உங்களுக்குக் கொடுக்கப்படும் டியூப்பில் பல சமயம் மூன்று மருந்து கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவதாகக் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பை நிறுத்துவது இந்த மூன்றாவது ஆள். அவன் பூஞ்சையைத் தொடுவதே இல்லை. பூஞ்சையை எதிர்த்து நிற்கும் உங்கள் தோலின் எதிர்ப்புச் சக்தியைப் பிடித்து அடக்கிவைக்கிறான். சிவப்பு போகிறது, அரிப்பு போகிறது, ‘கைகண்ட மருந்து’ என்று பெயரும் வாங்கிவிடுகிறான். அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. தடவுவதை நிறுத்திய சில நாளில் முன்னைவிட அகலமாகத் திரும்பி வருகிறது. மறுபடி அதே மெடிக்கல், அதே டியூப். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டியவர்களின் தொடையில், பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதுபோல வரிகள் விழுந்திருக்கும். படர்தாமரை ஆறினாலும் அந்த வரிகள் முழுசாகப் போகாது.

இப்படி ஸ்டீராய்டு தடவித் தடவி, டாக்டரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் சொல்ல முடியாதபடி வேஷம் மாறிய படர்தாமரையை 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விவரித்து, ‘டினியா இன்காக்னிட்டோ’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அங்கே அது எப்போதாவது பார்க்கிற விசேஷம். இங்கே அன்றாடம். கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக, சாதாரணப் படர்தாமரை சாதாரண மருந்துக்கு மசியவில்லை, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் என்று நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், அங்கே வசித்த ஓர் இந்தியர், ஒரு நேபாளி இருவரின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து ‘டிரைக்கோபைட்டான் இந்தோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் என்ற முக்கியமான மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்காத ரகம் இது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது; அவர்களில் ஒருவர் சமீபத்தில் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர். இந்த ரகம் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு, சீட்டில்லாமல் விற்கும் இந்த மும்மருந்துக் கலவையும் பாதியில் விடும் மாத்திரைகளும் காரணம் என்றே தோல் மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். நாட்டின் பெயரைத் தாங்கி ஏற்றுமதியான சரக்குகளில் இதுவும் சேர்ந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ‘ஹெச்’ பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. டியூப்பின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், பாருங்கள். அதற்கு அர்த்தம் அதுதான். மெடிக்கல்காரர்களைத் திட்டி ஒரு பத்தி எழுதலாம், எழுதவில்லை. நீங்கள் வாய் திறந்து எங்கே, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா என்று எதையும் சொல்லாதபோது, சீக்கிரம் அரிப்பை அடக்கும் சரக்கைத்தான் அவர் எடுத்துக் கொடுப்பார். கேட்டவனுக்கு வேண்டியதும் அதுதானே.

சரியான வைத்தியம் மெதுவாக நடக்கும். ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தை, தெரிகிற வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவ வேண்டும். அரிப்பு நின்ற பிறகும், தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும், இன்னும் இரண்டு வாரமாவது விடாமல் தடவ வேண்டும். பரவியிருந்தால் மாத்திரை, அது எது, எத்தனை வாரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவருக்கும் அதே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே துண்டு, ஒரே பாய் வழியாகக் கிருமி வீட்டுக்குள்ளேயே வட்டம் அடிக்கும். கணவனுக்கு இருப்பது மனைவிக்குத் தெரியாது, மனைவிக்கு இருப்பது கணவனுக்குத் தெரியாது. இருவரும் தனித்தனி மெடிக்கலில் தனித்தனியாக ஒரே டியூப்பை வாங்குகிறார்கள். இதைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது அரைஞாண் கயிறு. இடுப்பில் கட்டிய கறுப்புக் கயிறு குளித்த தண்ணீரையும் வேர்வையையும் குடித்துக்கொண்டு நாளெல்லாம் ஈரமாகவே கிடக்கும். அதன் தடத்திலேயே படர்தாமரை இடுப்பைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வைத்தியம் முடியும்வரை அவிழ்த்துவைக்கலாம். சாமி கோவித்துக்கொள்ளாது. அம்மா கோவித்துக்கொள்வார், அதற்கு வெள்ளியில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு தினமும் துடைத்துக்கொள்வது ஒரு சமாதானம்.

ஜீன்ஸ் பேன்ட்டை நான்கு நாள் துவைக்காமல் போட்டு, திருவண்ணாமலை பஸ்ஸில் நெரிசலில் நின்று காலேஜ் போய் வரும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்து வெயிலுக்கு வேட்டி, லுங்கி, காட்டன் அரைக்கால் டவுசர் எல்லாம் நாகரிகக் குறைவு என்று யார் சொன்னது?

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது கொடிக்கயிறு. உங்கள் வீட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். சட்டை, பேன்ட், புடவை எல்லாம் வெயிலில் காயும். உள்ளாடை மட்டும் இருக்காது. இருந்தாலும் புடவைக்கு அடியில், துண்டுக்குள் மடித்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். பெண்கள் வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கதவுக்குப் பின்னால் காயப்போடுகிறார்கள். மழைக்காலத்தில் அது காய்வதே இல்லை, உடம்பிலேயே காய்கிறது. மாதவிடாய்த் துணி இன்னும் மோசம். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்தும் ஊரில், வெயில் அதிகம் தேவைப்படும் துணிக்குத்தான் வெயில் கிடைப்பதில்லை. நன்றாக அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, வெயிலில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். பார்க்கட்டும், அவர் வீட்டிலும் அதே ரகம்தான் இருக்கும்.

எல்லா அரிப்பும் படர்தாமரை இல்லை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலை சுற்றிவிட்டு வந்த மறுநாள், தேரடித் தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் காலை அகட்டி அகட்டி நடக்கிறார்களே, அது வேறு. வெறுங்காலில் 14 கிலோமீட்டர், வேர்வையில் நனைந்த துணி, தொடையோடு தொடை உரசி தோல் வழண்டுவிடுகிறது. அங்கே டியூப்புக்கு வேலையே இல்லை. கிளம்பும் முன் தொடையில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டு, முழங்கால்வரை வரும் காட்டன் உள்டவுசர் போட்டால் போதும். வந்ததும் சும்மா தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றாட விடுங்கள். டெட்டால் ஊற்றிக் கழுவி அலறியவர்கள் கதை நம் ஊரில் நிறைய உண்டு.

இன்னொரு வகை அரிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. ஆணுறுப்பின் முன்தோல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, வெள்ளையாகப் படிவது. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் விடாத அரிப்பு. ‘ஏதோ தப்பு நோய் வந்துவிட்டது’ என்று பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பல சமயம் அது சர்க்கரை வியாதியின் முதல் தகவல். இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, 2020-ல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு, நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. நல்ல மாத்திரை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், அந்த இடத்தில் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை ஏறுகிறது. சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடிய சமாச்சாரம்.

சர்க்கரை என்றதும் கழுத்து ஞாபகம் வருகிறது. வயசுப் பெண்ணின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால், ‘ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறாளா பாரு’ என்று பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்துவிடுகிறோம். அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தோல் காட்டும் அடையாளம். எடை, சர்க்கரை, மாதவிடாய் ஒழுங்கு இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு உதட்டுக்கு மேலும் தாடையிலும் முடி வளர்ந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். தேய்த்தால் தோல் இன்னும் கறுக்கும்.

கறுப்பு என்று வந்தபின் முகக் கிரீமை விட முடியுமா? முகப்பருவுக்கும் நிறத்துக்கும் என்று கைமாறும் டியூப்களில் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பது உண்டு. இரண்டு வாரம் பளபளப்பு. அப்புறம் வெயிலில் போனால் எரிச்சல், மெல்லிய சிவப்பு நரம்பு தெரிவது, பெண்களுக்கு முகத்தில் முடி, நிறுத்தினால் கொத்துக் கொத்தாகப் பரு. பாதரசம் கலந்த, பெயர் ஊர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்கள் இதைவிடக் கொடியவை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், ஒரே மாதிரியான சிறுநீரக நோயோடு வந்தவர்களைக் கவனித்த மருத்துவர்கள், அந்த நோயின் அபூர்வ வகை ஒன்று உறுதியான 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். பூசியது முகத்தில், போனது சிறுநீரகம். மாமியாருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்து நான் சொல்ல விரும்பும் ஒரே வாக்கியம் அதுதான்.

தேமலுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. சங்கக் கவிஞர்கள் பாடிக் களித்த சுணங்குக்கு அகராதி தேமல் என்றே பொருள் சொல்கிறது. காதலியின் அழகில் ஒன்றாக அது இருந்திருக்கிறது. மார்பிலும் முதுகிலும் செதில் செதிலாக வரும் தேமல் ஒரு பூஞ்சைதான், எளிதில் போகும், நிறம் திரும்ப மட்டும் சில மாதம் ஆகும். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை என்றால் உடனே அரசு ஆஸ்பத்திரி. தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும். தள்ளிப்போட்டால் விரல்களுக்குத்தான் ஆபத்து.

பொடுகுக்கு எண்ணெய் வைப்பவர்களே, பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. தலை காய்ந்துபோனதால் பொடுகு உதிர்கிறது என்று நினைத்து நாம் மேலும் மேலும் விருந்து வைக்கிறோம். கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை தேய்த்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். தேய்த்த கையோடு அலசினால் காசுக்குக் கேடு.

அக்குள் நாற்றத்துக்கு சென்ட் அடிப்பது நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றம். வேர்வைக்கு வாசனையே கிடையாது; அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. முடியைக் குறைத்து, சோப்புப் போட்டு, நன்றாகத் துடைத்து, சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்க்கும் படிகாரக் கட்டியை ஈரப்படுத்தித் தடவிப் பாருங்கள். கடையில் வேர்வையைக் குறைக்க விற்கும் பல ரோல்-ஆனில் இருப்பதும் அலுமினிய உப்புதான். இதை முகத்துக்கு நேராக ஒருவரிடம் சொல்வதில் உள்ள சங்கடம் எனக்கும் தெரியும். பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாமெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம்.

தம்பிகளில் சிலர் வெயில் காலத்திலும் இரண்டு பனியன் போட்டு, தோளைக் குறுக்கி நடக்கிறார்கள். பருவம் எட்டும் பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்பில் கட்டிபோலப் புடைக்கும். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானே வற்றிவிடும். பெண்களுக்கு வெள்ளைப்படுவதும் அப்படித்தான்: வாடையில்லாமல், அரிப்பில்லாமல், தெளிவாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அது உடம்பின் இயல்பு, எலும்பு உருகுவது இல்லை. வாடை, அரிப்பு, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தால்தான் டாக்டர்.

மூலம், பௌத்திரம் போஸ்டர் ஒட்டாத சுவர் திருவண்ணாமலையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ‘ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்’ என்பதைப் படித்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டு புண்ணாகி வந்தவர்கள் உண்டு. மலத்தில் ரத்தம் போனால் அது மூலமாகவே இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நாற்பது வயசு தாண்டியவர்களுக்குக் குடலில் புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்வது அவசியம். ஒரு விரல் பரிசோதனைக்கு வெட்கப்பட்டு ஒரு வருஷத்தைத் தொலைக்க வேண்டாம்.

நமக்கு இதெல்லாம் பேச வராது, நம் கலாச்சாரம் அப்படி என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எய்ட்ஸுக்கென்று மாநில அளவில் தனிச் சங்கம் அமைத்ததில் நாட்டிலேயே முதல் மாநிலம் தமிழ்நாடு, 1994-ல். 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி பஸ் ஸ்டாண்டு சுவர், பஸ் முதுகு, டிவி என்று எங்கும் இருந்தது. யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பெரியவர்களே கேட்டுச் சிரித்துப் பேசினார்கள். ஆணுறையைப் பற்றிச் சுவரில் எழுதிப் படித்த ஊருக்குத் தொடை அரிப்பைப் பற்றி டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா?

ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே தெரிந்த முகம் நிறைய என்றால், திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு உண்டு. அந்தக் கூட்டத்தில் உங்களை யாரும் கவனிக்கப்போவதில்லை. வீட்டைவிட்டு நகர முடியாது என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். பெண்கள் லேடி டாக்டர் வேண்டும் என்று ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே கேட்கலாம், அதில் தப்பில்லை. வாயால் சொல்ல வரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எங்கே, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்கு, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதுவரை என்ன தடவினீர்கள். மடித்து டாக்டர் கையில் கொடுத்தால் போதும், அவர் படித்துக்கொள்வார். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் டியூப்பையே எடுத்துக்கொண்டு போங்கள். பிதுக்கிப் பிதுக்கிச் சப்பையாகிக் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. மருந்தின் பெயர் எழுதிய பக்கம் கிழியாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்
கீழ்பென்னாத்தூர்